பாதி மட்டும் நனைத்தேன்

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீர் குடித்துவிட்டு, கையைத் துடைக்காமல் சிவப்புத் துண்டை எடுத்தேன். வைத்தபோது ஆள்காட்டி விரல் நுனி ரோஜா நிறமாக இருந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பஸ் கண்டக்டர் அக்கா கொண்டுவந்த கட்டு அது. நாற்பத்திரண்டு சதுரத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஐந்து அங்குலம், ஓரமெல்லாம் ரம்பப் பல் மாதிரி வெட்டி, மேலே ரிப்பன். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. கப்பலில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் ஏதோ துறைமுகத்தில் இறங்கி வாங்கி அனுப்பியிருக்கிறார். அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவம். குழந்தைக்கு இதில் ஒரு துண்டுப் போர்வை வேண்டும். இடையில் வெள்ளைப் பட்டி, உள்ளே பஞ்சு, அடியில் வெள்ளைத் துணி.

"ஒண்ணு கெட்டாலும் வேற கிடைக்காது, பார்த்துக்கோங்க" என்றாள். அவள் படி இறங்குவதற்குள் அம்மாவும் பெரியம்மாவும் ஆரம்பித்துவிட்டார்கள். நனைத்துத் தைப்பதா, நனைக்காமல் தைப்பதா.

பெரியம்மா நடுவில் ஒன்று சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் விழவில்லை. "இத அவளே தைக்கட்டும். மூணு வருஷமா நூல் வெட்டி, பட்டன் வச்சுக்கிட்டே இருக்கா. நல்லா வந்தா ஜன்னலோர மெஷின் அவளுக்கு. இல்லேன்னா அதைத் தூக்கிட்டு அங்க இஸ்திரி மேசை போடப்போறேன்."

நான் தலையை ஆட்டினேன். இந்த வீட்டில் எனக்குத் தலையாட்டி என்றே பெயர்.

ஜூன் 4, புதன்

இரண்டு பேரும் அக்கா தங்கை. இருபது வருடமாக ஒரே அறையில் தைக்கிறார்கள். தையலறை கீழே, பெரியம்மா வீட்டு முன்னறை. நாங்கள் மாடியில். இந்த இருபது வருடத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் எது என்று யோசித்துப் பார்த்தேன். ஊசி கூர்மையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றதற்குக் கூட ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். அம்மாவைக் கேட்டால் எனக்குத் தலைவலி. பெரியம்மாவைக் கேட்டால் எனக்குக் கணக்கு வராது. உண்மையில் தலையும் நன்றாக இருந்தது, கணக்கும் வந்தது. எழுந்து நின்று படி என்றால் வாய் மட்டும் வராது. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதுதான்.

இன்று அம்மா சொன்னது: "புதுத் துணிய நனைக்காம தைக்கிறதும், மாப்பிள்ளையப் பார்க்காம கல்யாண நாள் குறிக்கிறதும் ஒண்ணு. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் குணம் தெரியும்."

பெரியம்மா: "நீ பார்த்துத்தானேடி கட்டுன?"

அப்பா அப்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஒன்று மாட்டியதும் மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

பெரியம்மாவின் கட்சி: "அஞ்சு இஞ்ச் துண்டு அது, புடவை இல்ல. தண்ணியில போட்டா சுத்தி நூல் பிரியும். அஞ்சு நாலரை ஆகும், நாலரை நாலு ஆகும், கடைசில அவ பிள்ளைக்குக் கைக்குட்டைதான் மிஞ்சும். மொடமொடப்பு போன துணியில ஊசி எங்கடி நேரா போகும்?"

அம்மா உடனே பழைய திரைச்சீலையை இழுத்தாள். மழலையர் பள்ளிக்குத் தைத்த வெள்ளைத் திரை. பெரியம்மா நனைக்காமல் வைத்த கருநீலக் கரை முதல் துவைப்பிலேயே வெள்ளை முழுக்க இறங்கிவிட்டது. அது நடந்தபோது எனக்கு ஆறு வயது. இன்னும் வாரம் ஒரு முறையாவது அந்தத் திரை எங்கள் வீட்டில் தொங்குகிறது.

சாயங்காலம் அம்மா மாடியில் தனியாக என்னிடம்: "அவ சொல்றத விடு. நீ நனைச்சிடு." சரி என்றேன்.

கீழே இறங்கினால் பெரியம்மா: "அவ ஏதாவது சொல்லுவா. தண்ணி காட்டாத." சரி என்றேன்.

எனக்கே என்னைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

ஜூன் 5, வியாழன்

நனைச்சியா? நனைக்கலையே? நனைச்சியா? நனைக்கலையே? துணிக்கு முன்னால் நான்தான் வெளுத்துவிடுவேன்.

ஜூன் 6, வெள்ளி

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். பாதியை நனைத்துவிட்டேன்.

இருபத்தொரு துண்டுகளைத் தலையணை உறைக்குள் போட்டு, வாயைக் கட்டி, மாடிக் குளியலறையில் வாளியில் அலசினேன். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறமாட்டாள். மீதி இருபத்தொன்று அப்படியே ரிப்பன் கட்டுக்குள் இருக்கிறது.

"நனைச்சியா?" "நனைச்சேம்மா."

"தண்ணி காட்டலையே?" கட்டை எடுத்துக் காட்டி, "இல்ல பெரியம்மா."

இரண்டும் பொய் இல்லை. இரண்டு பேருக்கும் சந்தோஷம். இன்று மதியச் சாப்பாடு சத்தமில்லாமல் நடந்தது. இத்தனை வருடம் இவர்களுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியிருக்கிறதே என்று ஒரு பெருமை.

எந்தப் பாதி என்றால், வெளிர் நிறங்கள் எல்லாம் வாளிக்குள். மஞ்சள், ஆகாய நீலம், இளம்பச்சை. சிவப்பை எடுத்துப் பார்த்தேன். கூடப் போட்டால் மற்றதெல்லாம் என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது. அதைத் திரும்பக் கட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

உறையைத் திறந்தேன். உள்ளே ஒரு எலிக்கூடு. ரம்பப் பல் ஒன்று கூட இல்லை. எல்லாத் துண்டின் நூலும் எல்லாத் துண்டோடும் முடிச்சுப் போட்டிருந்தது. கத்தரியால் வெட்டி வெட்டிப் பிரிக்கவே காலை முழுதும் போனது. இஸ்திரி போட்டு அளந்தேன். ஒரு பக்கம் நாலே முக்கால். இன்னொரு பக்கம் ஐந்துக்கு நூலளவு குறைவு. சதுரம் கூட இல்லை இப்போது.

நனைக்காதது எல்லாம் ஐந்துக்கு ஐந்து, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

இழுத்துப் பிடித்துத் தைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நனைத்தது ஒன்று, நனைக்காதது ஒன்று என்று ஒரு வரிசை தைத்தேன். வரிசை அரிவாள் மாதிரி வளைந்தது. பிரித்தேன். திரும்பத் தைத்தேன். இப்போது மறுபக்கம் வளைந்தது. மூலைகள் ஒன்றையொன்று பார்க்கவே மாட்டேன் என்கின்றன. இந்த வீட்டுத் துண்டுகள்தானே.

மூன்றாம் முறை பிரிக்கும்போது அம்மா பின்னால் நின்றாள். ஒரு துண்டைத் தொட்டாள், அடுத்ததைத் தொட்டாள். மொடமொடப்பு கைக்குத் தெரியும் அவளுக்கு.

"என்னடி இது, பாதி நனைக்கவே இல்லையே?"

பெரியம்மா மெஷினை நிறுத்தினாள். "பாதி நனைக்கலையா? அப்ப பாதி நனைஞ்சிருக்கா?"

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். விழவில்லை. என்னைத் தாண்டி ஒருவருக்கொருவர் போட ஆரம்பித்தார்கள்.

"உன் பேச்சக் கேட்டுத்தான் பாதிய நாசம் பண்ணியிருக்கா."

"முழுசா என் பேச்சக் கேட்டிருந்தா எல்லாம் ஒரே அளவுல சுருங்கியிருக்கும்ல?"

"சுருங்குச்சுன்னு நீயே ஒத்துக்கிட்ட பாரு."

"இன்னிக்கு சுருங்கலேன்னா நாளைக்கு அவ வீட்டு வாளியில சுருங்கும் அக்கா. அப்ப போர்வை அப்பளமா நெளியும்."

கெடுத்தது நான். நான் நடுவுல உட்கார்ந்திருக்கேன். என்னை ஒரு வார்த்தை திட்டக் கூட யாருக்கும் நேரமில்ல. நான் என்ன, இவங்க அடிச்சுக்கிறதுக்கு ஒரு மத்தளமா? ரெண்டு பக்கமும் அடி, மத்தளத்துக்கிட்ட யார் கேட்பா?

ஆனா ஒருத்தராவது கேட்டிருக்கலாம். எந்தத் துணி சாயம் போகுதுன்னு ஒருத்தராவது தொட்டுப் பார்த்திருக்கலாம். நனைக்கணும், நனைக்கக் கூடாது. துணியப் பத்தி ஒரு பேச்சு கிடையாது.

(எனக்குத் தெரியும். ஆறு நாளாகத் தெரியும். நான் மட்டும் யாரிடம் சொன்னேன்?)

ஜூன் 10, செவ்வாய்

கண்டக்டர் அக்கா வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று படி ஏறவே மூச்சு வாங்கியது. பஸ்ஸில் எப்படித்தான் நிற்கிறாளோ. சனிக்கிழமையோடு விடுப்பு என்றாள்.

"நடக்குது, நடக்குது" என்று அம்மாவும் பெரியம்மாவும் ஒரே குரலில் சொன்னார்கள். வெளி ஆள் முன்னால் மட்டும் எப்படி ஒற்றுமை வருகிறது?

அண்ணன் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். சிவப்புத் துண்டில் குட்டிக் குட்டியாகக் கப்பல் போட்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அந்தக் கட்டையே வாங்கினாராம். 'அது சரியா நடுவுல வரணும், மாமன் கப்பல்னு பிள்ளைக்குக் காட்டு' என்று எழுதியிருக்கிறார்.

நாற்பத்திரண்டு துண்டு என்றால் ஆறுக்கு ஏழு. அதில் சரியான நடு என்று ஒன்று கிடையாது. அதையும் யாரும் சொல்லவில்லை.

"தினம் துவைக்க வேண்டியிருக்கும்ல" என்றாள் அக்கா. "எங்க அம்மா சொல்லுது, நான் குழந்தையில பால் குடிக்கிறதும் கக்குறதும் ஒரே வேகமாம். தாங்குமா தங்கச்சி?"

என்னைப் பார்த்துக் கேட்டாள். என்னை. வாயைத் திறந்தேன். உள்ளே சொல் இருந்தது. வெளியே வந்தது தலையாட்டல்தான்.

பேசினால் என்ன, முத்து உதிர்ந்துவிடுமா? அவள் போன பிறகு பாத்திரம் தேய்த்தேன், மூன்று முறை ஒரே தட்டை.

ஜூன் 11, புதன்

கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துச் சிவப்புத் துண்டை மட்டும் போட்டேன். எடுத்து, ஒரு வெள்ளைத் துணியின் ஓரத்தில் அழுத்தினேன். செக்கச்செவேல் என்று ஒரு கறை. தண்ணீரை மாற்றி மறுபடி. அதன் பக்கத்தில் இரண்டாவது கறை. உப்புப் போட்டு மூன்றாவது. வெந்நீர் நான்காவது. ஒன்பது தண்ணீர் மாற்றினேன். ஒன்பதாவது கறையும் ரோஜா நிறம். முதல் நாள் என் விரலில் இருந்த அதே நிறம்.

மற்ற அடர் நிறங்களையும் ஒவ்வொன்றாக ஈர விரலால் தொட்டுப் பார்த்தேன். கருநீலம், மெரூன், கருப்பு, கத்தரிப்பூ. ஒன்றும் ஒட்டவில்லை. சிவப்பு ஒன்றுதான். நாற்பத்திரண்டில் ஒன்று. இதற்கா ஒரு வாரம்?

ஜூன் 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சாப்பிடும்போது அந்த மழலையர் பள்ளித் திரை மறுபடி வந்தது. பெரியம்மா, "அது தண்ணியோட குத்தம், சாயத்தோட குத்தம் இல்ல" என்றாள். அம்மா தட்டை நகர்த்தினாள். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"சிவப்பு சாயம் போகுது. ஒன்பது தண்ணி மாத்திட்டேன், நிக்கல. அது ஒண்ணுதான். வேற எதுவும் போகல."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பில் பார்ப்பார்களே, அப்படி. ஆனால் இங்கே எழுந்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

"வந்த அன்னிக்கே தெரியும். விரல்ல ஒட்டுச்சு."

"வந்த அன்னிக்கேவா?" பெரியம்மா கையில் பிசைந்த உருண்டையோடு அப்படியே இருந்தாள். "ஏண்டி, ஒன்பது நாளா நாங்க ரெண்டு பேரும் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறோம், நீ விரலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தியா?"

"நீங்க ரெண்டு பேரும் என்னைக் கேட்கல. சொல்லவும் விடல. எப்பப் பாரு நனை, நனைக்காத. எனக்கு ரெண்டு காதுதான் இருக்கு, ரெண்டையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க."

இப்படி நான் பேசியதில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பாட்டைப் பிசைந்தேன்.

பெரியம்மாதான் கேட்டாள், குரலைத் தழைத்து: "சரி. இப்ப என்ன பண்றது?"

"மீதி இருபதையும் நனைக்கணும். உறையில போட்டு இல்ல, ஒவ்வொண்ணா, கசக்காம. காய்ஞ்சதும் நாற்பத்தொண்ணையும் நாலரைக்கு வெட்டணும். போர்வை கொஞ்சம் சின்னதாகும். சிவப்பு வைக்க முடியாது."

"அதை அவகிட்ட யார் சொல்றது? அண்ணன் ஆசையா வாங்குனது" என்றாள் அம்மா.

"கெடுத்தது நான். நான் சொல்றேன்."

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பல் டாக்டர்கிட்டயே வாயைத் திறக்காதவ நீ."

ஜூன் 13, வெள்ளி

மீதி இருபதும் கொடியில். கால் பிசகிவிடும் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் பெரியம்மா மாடி ஏறி வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். "ரொம்பல்லாம் நூல் பிரியல" என்றாள். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஜூன் 14, சனி

நான் எங்கேயும் நடந்தேதான் போவேன். கடைத்தெரு என்ன, பொட்டலம் கொடுக்க ஊர்க்கோடி என்ன. நடை பிடிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பஸ்ஸில் ஏறினால் இறங்கும் இடத்தை உரக்கச் சொல்ல வேண்டும். அதனால்தான்.

விடுப்புக்கு முன் இன்றுதான் அக்காவுக்குக் கடைசி நாள். ஏறினேன். கடைசி இருக்கையில் வயிற்றின் மேல் பையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். "அட, தங்கச்சி. எங்க போற?"

"கடைசி வரைக்கும்" என்றேன். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

கடைசி நிறுத்தத்தில் பஸ் பத்து நிமிடம் நிற்கும். டிரைவர் இறங்கிப் போனார். எல்லோரும் இறங்கிய பிறகு நான் பையிலிருந்து அந்த வெள்ளைத் துணியை எடுத்து விரித்தேன். ஒன்பது கறை வரிசையாக, பெரியதிலிருந்து சின்னதாக. அதைக் காட்டியதும் பாதி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. மீதியைச் சொன்னேன். பாதி நனைத்தது, வளைந்தது, நாலரை ஆவது, எல்லாம். முதல் நாளே தெரியும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அவள் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமா என்று தெரியவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணன் வர்றதுக்கு இன்னும் எட்டு மாசம் ஆகும்" என்றாள். "வந்ததும் முதல்ல அந்தக் கப்பலைத்தான் தேடுவான்."

நான் வெள்ளைத் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"அந்த இடத்துல என்ன வரும்?"

"வெள்ளைத் துண்டு வைக்கலாம்கா. வேற பூப் போட்டது வேணும்னா அதுவும்..."

"வேணாம். வெள்ளையாவே இருக்கட்டும். என் பிள்ளை வந்து அது இஷ்டத்துக்கு அழுக்காக்கிக்கட்டும்." லேசாகச் சிரித்தாள். பிறகு கையை நீட்டினாள். "கப்பலைக் குடு."

பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவள் உறையை விட்டு வெளியே எடுத்து உள்ளங்கையில் மடித்துக்கொண்டாள்.

"கை வேர்த்தா ஒட்டும்கா."

"ஒட்டட்டும். பிரசவ அறையில எதையாவது இறுக்கிப் பிடிச்சுக்கணும்ல? அவன் வர முடியாது, இது வரட்டும்."

டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். அவள் விசிலை ஊதினாள். திரும்பும்போது டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவர் கையிலும் சிவப்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

நாற்பத்தொன்றும் நாலரை. ஸ்கேலை வைத்து இரண்டு முறை அளந்தேன். பெரியம்மா வந்து மூன்றாவது முறை அளந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

மேல் பக்கம் முடிந்தது. வரிசை வளையவில்லை. பதினொரு மூலைகள் சரியாகச் சேரவில்லை. அம்மா ஏழு என்கிறாள், பெரியம்மா பதினைந்து என்கிறாள்.

ஜூலை 2, புதன்

துவைத்தாயிற்று, கொடுப்பதற்கு முன்பே, நானே. வாளியில் ஊற வைத்துவிட்டு அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

ஜூலை 10, வியாழன்

பெண் குழந்தை. அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போர்வைக்குள் மூக்கு மட்டும்தான் தெரிந்ததாம். அக்காவின் வலது உள்ளங்கை இன்னும் சிவப்பாக இருக்கிறதாம். நர்ஸ் பயந்துபோய் இரண்டு முறை கழுவிப் பார்த்தாராம்.

"தலையாட்டிகிட்ட சொல்லுங்க, நிக்காத சாயம்னு சொன்னது சரிதான்னு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். என் பெயர் அவளுக்கும் தெரிந்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

இஸ்திரி மேசை வந்தது. கதவோரம் போட்டிருக்கிறார்கள். கதவு பாதிதான் திறக்கிறது. ஒவ்வொரு முறை இடித்துக்கொள்ளும்போதும் பெரியம்மா அம்மாவைத் திட்டுகிறாள்.

மதியம் ஒருவர் மகளுக்கென்று ஒரு கட்டுத் துண்டுகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அறுபது இருக்கும். மேலாக ஒரு கரும்பச்சை, அதன் கீழே ஒரு கருநீலம்.

"இதை முதல்ல நனைச்சிடணும்" என்றாள் அம்மா.

"ஏண்டி, பட்டும் புத்தி வரலையா உனக்கு?" என்றாள் பெரியம்மா.

நான் ஜன்னலோர மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து, சொம்பில் விரலை நனைத்து, கரும்பச்சையைத் தொட்டேன்.